மாமாவின் குடலும் மருமகளின் கிருமியும்

உங்களில் யார் தருவீர்கள் என்று டாக்டர் கேட்டதும், அறையிலிருந்த நாங்கள் மூவரும் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தோம்.

திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. கொரோனா அடங்கி, ஜனங்கள் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டிருந்த காலம். அறையில் டெட்டால் வாசமும் யாரோ அப்போதுதான் குடித்து முடித்த சாயாவின் வாசமும் கலந்திருந்தன. ரத்தம் கேட்டிருந்தால் என் கணவரின் அண்ணன் தாணு அத்தான் உடனே சட்டைக் கையை மடித்திருப்பார். சிறுநீரகம் கேட்டிருந்தால், கொடுக்காவிட்டாலும் கண்ணீராவது விட்டிருப்பார். டாக்டர் கேட்டது மலம்.

டாக்டர் சிறு வயதுப் பெண். மலையாளம் கலந்த தமிழில் நிதானமாக விளக்கினார். நல்ல ஆரோக்கியமுள்ள ஒருவரின் மலத்தை உப்புநீரில் கரைத்து, வடிகட்டி, குழாய் வழியாக நோயாளியின் பெருங்குடலுக்குள் விடவேண்டும். அதிலிருக்கும் நல்ல கிருமிகள் உள்ளே குடியேறினால் நோய்க்கிருமி ஒடுங்கிவிடும். இது ஒன்றும் மந்திரவாதமல்ல, பல ஊர்களில் செய்கிற வைத்தியம்தான்.

தாணு அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இதுக்கு மாத்திரை ஒண்ணும் இல்லியா டாக்டர்?"

"மாத்திரை தின்னு தின்னுதானே சாரே அச்சனுக்கு இப்படி ஆயது" என்றார் டாக்டர்.

நோயாளி, என் மாமனார் பூதலிங்கம். அடுத்த அறையில் படுத்திருந்தார். அவரைப் பற்றி ஏன் எழுதவே மாட்டேன் என்கிறீர்கள் என்று இந்தத் தொடரை வாசிக்கும் ஒரு சிநேகிதி கேட்டாள். எழுதாததற்குக் காரணம் மரியாதை என்று அவள் நினைத்திருக்கிறாள். இருக்கட்டும்.

வயிறு சரியில்லை

மாமாவுக்கு ஊர் பூதப்பாண்டி. கொஞ்சம் நெல்வயல், அரசாங்க ஓய்வூதியம், கோயில் காரியங்களில் முன்வரிசை. எனக்கு அருமனை. ரப்பர் பால் வாசமும், ஞாயிற்றுக்கிழமைச் சர்ச் மணியும், மீன்குழம்பும் உள்ள வீடு. நாகர்கோவிலில் ஒரே பேருந்தில் வேலைக்குப் போய்வந்ததில் பியூலாவாகிய நானும் மணியனும் கல்யாணம் செய்துகொண்டோம். பதிவுத் திருமணம்.

மாமா என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அவர் கண்ணியமான மனிதர். என் கையால் எதையும் வாங்கிச் சாப்பிட மாட்டார், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு வரும்போது தண்ணீர்க் குப்பியைக் கையோடு கொண்டுவருவார். காப்பி கொண்டுபோய் வைப்பேன். அவர் என்னைப் பார்க்காமல் மகனைப் பார்த்து, "வயிறு சரியில்லன்னு சொல்லுடே" என்பார். நான் அங்கேயேதான் நிற்பேன். கல்யாணமான நாள்முதல் ஒருநாள்கூட அவர் வயிறு சரியாக இருந்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து இறங்கி நேராக வடசேரியில் ஒரு கடைக்குப் போய் ரசவடை தின்பார். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கடையின் அடுக்களையில் வடை சுட்டவர் யார், எவர் என்று மாமா விசாரித்ததாகத் தெரியவில்லை. பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தால் தீட்டு இல்லை போலிருக்கிறது.

பூதப்பாண்டி வீட்டிலும் என்னை யாரும் அடுக்களைக்குள் வராதே என்று சொன்னது கிடையாது. நான் எழுந்தாலே தாணு அத்தானின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், அடுக்களை வாசலை அடைத்துக்கொண்டு நின்று, "நீ இரி, நீ இரி" என்பார். நானும் இருந்தேன். வருஷக்கணக்காக இருந்தேன்.

பவர் கூடின மருந்து

தூய்மையில் எவ்வளவு நம்பிக்கையோ, அதே அளவு நம்பிக்கை மாமாவுக்கு ஆன்டிபயாட்டிக்கிலும் இருந்தது. தும்மல் வந்தால் ஒன்று, முழங்கால் வலித்தால் ஒன்று. டாக்டரிடம் போவதெல்லாம் வீண் என்பார். முக்கில் இருக்கும் மருந்துக்கடைக்காரரிடம் பவர் கூடினதாகக் கொடு என்று கேட்டு வாங்கி, வீடு வருவதற்குள் விழுங்கிவிடுவார். ரெண்டு நாளில் நின்றுவிட்டால் மீதியை அலமாரியில் வைத்து அடுத்த தும்மலுக்குச் சாப்பிடுவார். கிருமி என்றால் அவருக்கு அழுக்கு. அழுக்கு என்றால் வெளியிலிருந்து வருவது. தன் உடம்புக்குள்ளேயே கோடானுகோடிக் கிருமிகள் தலைமுறையாகச் சோறு தின்று வாழ்கின்றன என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவதூறு என்று நினைத்திருப்பார்.

கடைவாய்ப்பல் ஒன்று பழுத்தது. பிடுங்கினார்கள். பல் டாக்டர் ஒரு மருந்து எழுதினார். அது போதாதென்று மாமா கடையில் இன்னொன்றும் வாங்கித் தின்றார். வீக்கம் வற்றியது. கூடவே வயிறு கழன்றது.

முதலில் சாதாரணப் போக்கு என்றுதான் நினைத்தார்கள். சொந்தபந்தம் முழுவதும் வைத்தியராகியது. மாதுளைத் தோல் வந்தது, ஜாதிக்காய் உரசிக் கொடுத்தார்கள், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை நம்பி மூன்று வேளையும் இஞ்சிச்சாறு கொடுத்தார்கள். தாணு அத்தான் ஒரு சிநேகிதரிடமிருந்து குடல் சுத்தம் செய்யும் பொடி வாங்கிவந்தார். ஏற்கெனவே சுத்தமாகிக் கிடந்த குடல் அது.

நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்து கொடுத்தால் நிற்கும். மருந்தை நிறுத்தினால் சில நாளில் திரும்ப வரும். அப்படியே போய்வந்து, வயலில் வரப்பேறி நின்று குரல் கொடுத்தால் மறுகரை கேட்கும் மனிதர், கட்டிலில் ஒரு மடித்த வேட்டியைப்போல ஆகிவிட்டார். பெரியவர்களுக்கான டயாப்பர் கட்டினார்கள். மகன்கள் வந்து மாற்றும்போது சுவரைப் பார்த்துக்கொள்வார். அதைக் கேலி செய்ய எனக்குக்கூட மனம் வரவில்லை.

திருவனந்தபுரத்து டாக்டர்தான் பரிசோதித்துப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். வயலில் கோரை முளைத்ததென்று மருந்தடித்தீர்கள். கோரையோடு பயிரும் செத்தது. இப்போது அந்த மருந்துக்குச் சாகாத ஒரு களை மட்டும் வயல் முழுக்க நிற்கிறது. இனியும் மருந்தடித்தால் களை கொஞ்சம் படுக்கும், பிறகு எழுந்திருக்கும். பயிரைத் திரும்ப நட்டால்தான் வழி. இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்த வயதில் தாங்கமாட்டார்.

நாற்று யாரிடமிருந்து என்பதுதான் அந்த அறையில் எழுந்த கேள்வி.

தேர்வில் தோற்றவர்கள்

தாணு அத்தான்தான் முதலில் சுதாரித்தார். மூத்த மகன் நானிருக்கிறேன், என்னுடையதை எடுங்கள் என்றார். டாக்டர் கேள்விகள் கேட்டார். வாயுத் தொந்தரவுக்கு மாத்திரை உண்டா? உண்டு, தினமும். எத்தனை வருஷமாக? அவருக்கே ஞாபகமில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில், மனைவிக்கும் தெரியாமல் அவர் வளர்த்துவந்த சர்க்கரை நோய் வெளிவந்தது. அன்றைக்கு அவருக்குத் தகப்பனைவிட அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது.

அடுத்து மணியன். தொண்டைவலி என்று போன மாதம் ஒரு பட்டை மாத்திரை தின்றிருந்தார், அதே மருந்துக்கடையில் வாங்கி. ஆகாது என்றார் டாக்டர். பெங்களூரில் இருக்கும் தாணு அத்தானின் மகனுக்கு போன் போட்டார்கள். ஜிம்முக்குப் போகிற திடகாத்திரமான பிள்ளை. தாத்தாவுக்காக எதுவும் செய்வேன் என்றான். எது என்று சொன்னதும் அவனுக்கு மீட்டிங் வந்துவிட்டது.

டாக்டர் என்னைப் பார்த்தார். தாணு அத்தான் குறுக்கே பாய்ந்தார். அவள் வேண்டாம், அவள் வேறு என்றார். வேறு என்றால் என்ன என்று டாக்டர் கேட்டதற்கு, கொஞ்சம் திணறி, சாப்பாட்டுப் பழக்கம் வேறு என்று முடித்தார்.

டாக்டருக்கு அதைக் கேட்டதும் ஆர்வம் வந்துவிட்டது. என்னென்ன சாப்பிடுவீர்கள் என்று என்னிடம் கேட்டார். காலையில் பழங்கஞ்சி, தொட்டுக்கொள்ள சின்ன உள்ளியும் காந்தாரி மிளகாயும். மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்குழம்போடு. பயறு, முருங்கைக்கீரை, பலாக் காலத்தில் சக்கையும் சக்கைக்கொட்டையும். ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி. கடைசியை மட்டும் தாணு அத்தானைப் பார்த்துச் சொன்னேன்.

மாமாவின் சாப்பாட்டையும் விசாரித்தார் டாக்டர். வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசிச்சோறு, பருப்பு, ரெண்டே ரெண்டு காய், மூன்று தடவை கொதித்த தண்ணீர். பழங்கஞ்சியைக் கூலிக்காரன் சாப்பாடு என்று எப்போதோ விட்டுவிட்டார். கிருமிகளில் ஒவ்வொரு ஜாதியும் ஒவ்வொரு நார்ச்சத்தைத் தின்னும், பலவகை போட்டால்தான் பலவகை நிற்கும் என்றார் டாக்டர். அவர் ஜாதி என்ற சொல்லைச் சாதாரணமாகத்தான் பயன்படுத்தினார். தாணு அத்தான் நாற்காலியில் நெளிந்தார். சாப்பாட்டை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது, பரிசோதனை செய்தால்தான் தெரியும் என்றும் டாக்டர் சேர்த்துச் சொன்னார்.

ரத்தம், மலம் எல்லாம் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை என்று வந்தது. பூதப்பாண்டிக் குடும்பத்தில் எனக்குக் கிடைத்த முதல் நற்சான்று அதுதான். ஆய்வகம் கொடுத்தது.

யாருதுன்னு தெரியணும்

தாணு அத்தான் வராந்தாவில் என் கணவரைத் தனியே கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். அப்பாவிடம் என்னுடையது என்று சொல்லிவிடுவோம், அவர் நிம்மதியாக ஏற்றுக்கொள்வார். மணியன் அதை அப்படியே என்னிடம் கொண்டுவந்தார். அவருக்கு அது பெரிய தவறாகத் தோன்றவில்லை. அப்பா பிழைத்தால் போதும் என்றிருந்தார்.

எனக்கு அப்போது வந்த கோபத்தை இன்றைக்கும் சரியாக எழுதத் தெரியவில்லை. என் காப்பி ஆகாது. என் கை பட்ட தண்ணீர் ஆகாது. என் மலம் ஆகும், ஆனால் அதற்கும் வேறு பெயர் ஒட்ட வேண்டும்.

"குடுக்கேன். ஆனா யாருதுன்னு மாமாக்குத் தெரியணும்" என்றேன்.

தாணு அத்தான் கெஞ்சினார். இந்த நேரத்தில் வீம்பு பிடிக்கலாமா என்றார். மணியன் ஜன்னல் பக்கம் போய் நின்றார். நான் அருமனைக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டு அம்மா வெகுநேரம் சிரித்தாள். சிரித்து முடித்ததும் குரல் மாறி, "நாம சும்மா தூரக் களையுத சாதனந்தானே மக்களே. உயிருக்கு உதவும்னா குடு. ஆனா பேர மட்டும் களையாத" என்றாள்.

நானே மாமாவின் அறைக்குள் போனேன். அவர் கண்ணைத் திறந்து, பழக்கப்படி எனக்குப் பின்னால் மகன் இருக்கிறானா என்று தேடினார். யாரும் இல்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் மெதுவாகச் சொன்னேன். மற்றவர்களுடையது ஆகவில்லை, என்னுடையதுதான் சரியாக இருக்கிறது, வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லுங்கள் என்றேன்.

அவர் குளுக்கோஸ் குப்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ மாட்டெறச்சி திம்பியா?"

"திம்பேன் மாமா."

"அது அதுக்குள்ள இருக்குமா?"

"சாப்பாடு இருக்காதாம். கிருமிதான் இருக்குமாம்."

கிருமிக்கு என்று ஏதோ கேட்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். என்ன கேட்க வந்தார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் அது எனக்குத் தெரியும் என்று தெரிந்தது.

"எனக்குச் சாகப் பயமா இருக்கு மக்கா" என்றார்.

அவர் என்னைப் பார்த்து நேரடியாகப் பேசியது அன்றுதான். நான் போர்வையை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்து டாக்டரிடம் சரி என்றேன். பிறகு கழிப்பறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

ஆச்சா, ஆச்சா

எடுத்த சூட்டோடு கொண்டுவர வேண்டும் என்பதால் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். காலையில் கட்டன்சாயா குடித்துவிட்டு, அவர்கள் கொடுத்த டப்பாவோடு உள்ளே போனேன். வாழ்நாள் முழுவதும் கூப்பிடாமல் வந்தது, கூப்பிட்டதும் வரமாட்டேன் என்றது. வெளியே மணியன் கதவைத் தட்டி, ஆச்சா என்று கேட்டார். தாணு அத்தான் பிரசவ வார்டு வாசலில் நிற்பவரைப்போல நடைபாதையில் இங்கும் அங்கும் நடந்தார். என்னிடமிருந்து ஒன்றை அந்தக் குடும்பம் இவ்வளவு ஆவலாக எதிர்பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மணியன் டப்பாவை ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தார். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, பிரசாதமாணோ என்று கேட்டார். மணியன் ஆமாம் என்றார். ஓட்டுநர் பயபக்தியோடு வேகத்தைக் குறைத்தார்.

சாணமும் சாஸ்திரமும்

பலித்தது. சில நாளிலேயே போக்கு நின்றது. மாமா எழுந்து உட்கார்ந்தார், சோறு கேட்டார், பிறகு தினத்தாள் கேட்டார். டாக்டர், மருந்துக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது, உள்ளே நட்டதற்குத் தீனி போடவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பயறு, கீரை, பழங்கஞ்சி.

பூதப்பாண்டியில் அக்கா அதையெல்லாம் செய்துகொடுத்தார். செய்முறை தெரியாமல் எனக்கு போன் செய்து, கஞ்சிக்கு எவ்வளவு நேரம் ஊறவேண்டும், பயற்றுக்குத் தேங்காய் அரைக்கவேண்டுமா என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். என் கிருமி உள்ளே போயாயிற்று. என் சமையலும் போன் வழியாக அடுக்களைக்குள் போயிற்று. நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறையில் இருந்தேன்.

உடம்பு தேறியதும் தாணு அத்தானுக்குச் சாஸ்திரம் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வழக்கமாக வரும் ஐயரிடம், ஒரு வெளியாள் வகைத் தீட்டு என்று மட்டும் சொல்லிப் பரிகாரம் கேட்டார். தீட்டு எந்த வழியாக ஏற்பட்டது என்று ஐயர் கேட்டிருக்கிறார். அத்தானால் சொல்லமுடியவில்லை. பொதுவாகப் பஞ்சகவ்யம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில் பசுவின் சாணமும் மூத்திரமும் உண்டு. மருமகளுடையது உள்ளே போன பாவத்துக்கு மாட்டினுடையதைக் குடித்துச் சுத்தமாவது. நான் கணவரிடம் டாக்டரைக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். பச்சையாக எதுவும் உள்ளே போகக்கூடாது என்று டாக்டர் போனிலேயே சத்தம் போட்டார். மாமா கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டார். அவருக்கும் அதில் கொஞ்சம் ஆசுவாசம்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் மாமா. பரிமாறிக்கொண்டிருந்த ஒரு சொந்தக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி, தாணுதானே தகப்பனுக்குக் கொடுத்தான், என்ன இருந்தாலும் சொந்த ரத்தம் சொந்த ரத்தம்தான் என்றார். தாணு அத்தான் அடக்கமாகத் தலைகுனிந்து பாயசம் ஊற்றச் சொன்னார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் பப்படத்தைப் பாயசத்தில் நொறுக்கிக்கொண்டிருந்தார். மிகக் கவனமாக நொறுக்கினார். நிமிரவே இல்லை.

நான் பாதியில் எழுந்து கைகழுவினேன். வீட்டுக்கு வரும் வழியில் மணியன், விடு பியூலா, ஆள் பிழைத்தாரே என்றார். அன்றிரவு முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.

தாணுவைத் தேடி வந்தவர்கள்

பொய்யும் கிருமியைப்போலத்தான் பரவியது. மாமாவின் அக்காள் முறையான, நான் பெரியம்மை என்று கூப்பிடும் சுசீந்திரத்து அம்மாளுக்கு அதே நோய் வந்தது. காரணமும் அதேதான், பவர் கூடின மாத்திரை. அதே டாக்டரிடம் போய் அதே வைத்தியத்துக்கு ஆள் தேடினார்கள். வீட்டில் யாருடையதும் சரிப்படவில்லை. பெரியம்மையின் மகன்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு பூதப்பாண்டிக்கு வந்தார்கள். நானும் மணியனும் அங்கே இருந்தோம்.

தட்டைத் தாணு அத்தான் முன்னால் வைத்தார்கள். உங்களுடையது பலித்த சரக்கு, அம்மைக்கும் நீங்கள்தான் தரவேண்டும் என்றார்கள். தாணு அத்தானின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு நிறம் வந்தது. சர்க்கரை என்றார். வாயு என்றார். இப்போது வயதாகிவிட்டது என்றார். அவர்கள் விடவில்லை, தகப்பனுக்கு ஒரு நியாயம், அத்தைக்கு ஒரு நியாயமா என்று கேட்டார்கள். அவர் எழுந்து உள்ளே போகப்பார்த்தார்.

சாய்வு நாற்காலியில் இருந்த மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"அவன்ட்ட கேக்காதியடே. எனக்கு வச்சது பியூலாளுக்கதாக்கும்."

அடுக்களை வாசலில் அக்காவின் தலை தெரிந்தது. சுசீந்திரத்துக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு தட்டைப் பார்த்தார்கள். அதைத் திரும்ப எடுக்கவும் முடியவில்லை, என் பக்கம் நகர்த்தவும் முடியவில்லை. மாமா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு தினத்தாளை விரித்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. அதற்கு எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார் என்பதை நான் மறக்கமாட்டேன். ஆனாலும் செய்தார்.

நான் தருகிறேன், பெரியம்மையிடம் யாருடையது என்று சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போனார்கள். நாலைந்து நாளாகத் தகவல் இல்லை. அவர்கள் கலந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன். எடுத்ததும் மெலிந்த குரல். சுசீந்திரத்துப் பெரியம்மைதான். வேலைக்காரியின் போனிலிருந்து கூப்பிட்டிருந்தாள்.

"ஏட்டி, நீ யாரா இருந்தா எனக்கென்ன. இவனுவ பேசி முடிக்கது வரைக்கும் எனக்கு ஓரிடத்துல இருக்க முடியல்ல. நீ என்னைக்கு வாற?"

நாளைக்கே வாறேன் பெரியம்மை என்றேன். உடனே தலைமையாசிரியையிடம் போய் விடுப்பு கேட்டேன். பரீட்சை நேரத்தில் அப்படி என்ன அவசரம் என்று அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

குடும்பச் சொத்து பங்குவைக்கிற விஷயம் என்றேன். அதற்கு மறுப்புச் சொல்ல நாஞ்சில் நாட்டில் யாருக்கும் துணிவு வராது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.